கோடாக் நிறுவனமும் ஒளிப்படச் சான்றும்

1. முன்னுரை

நூல்களையும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் சான்றாகக் கொண்டு ஆராய்ந்துவரும் தமிழ்த்துறையினர், சென்ற நூற்றாண்டின் வரலாற்றை எழுதப் புகுங்கால் வேறொரு சான்றையும் கைக்கொள்ள வேண்டியவராகின்றனர். அஃது ஒளிப்படம். புலவர் வரலாறு எழுதுவோரும், நாடகக் குழுக்களின் வரலாறு எழுதுவோரும், ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் தொகுப்போரும் பழைய படங்களைத் தேடிப் பெற்றுத் தம் நூல்களிற் சேர்க்கின்றனர். ஆயின், ஓர் ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்தவுடன் நாம் எழுப்பும் வினாக்களை ஓர் ஒளிப்படத்தைக் கையில் எடுக்கும்போது எழுப்புவதில்லை. ஏட்டை எழுதியவர் யார், எழுதி முடித்த நாள் யாது, எவ்வேட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதப்பட்டது, இடையில் நேர்ந்த சிதைவு யாது என்றெல்லாம் வினவிப் பழகிய நாம், படத்தைக் கண்ட அளவில் உள்ளது உள்ளவாறே காட்டுவது எனக் கொண்டு அமைதியடைகின்றோம்.

இவ்வாறு நாம் அமைதியடைதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஒளிப்படம் எடுத்தல் அரியதொரு கைவினையாக இருந்த காலத்தில், எடுத்தவனும் பொருளும் முறையும் பிறர் கண்ணுக்குப் புலப்பட்டு நின்றன. அக்கைவினையை எவரும் செய்யத்தகும் எளிய செயலாக மாற்றி, அதன் பின்னுள்ள முயற்சி அனைத்தையும் தொழிற்சாலையின் சுவருக்குள் மறைத்தது ஒரு நிறுவனம். அதுவே அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் நகரில் தோன்றிய கோடாக் நிறுவனம். அந்நிறுவனத்தின் வரலாற்றை விளக்கி, அது விட்டுவைத்த மரபினை ஆராய்ச்சியாளர் எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதனை உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கோடாக்கிற்கு முன்

ஒளி, எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் அடியாகப் பிறந்தது 'போட்டோகிராபி' என்னும் பெயர். 1839-இல் ஜான் ஹெர்ஷல் இதனை அறிஞர் வழக்கிற்குக் கொணர்ந்தார். பிரான்சு நாட்டுத் தாகேரின் முறையும் இங்கிலாந்து நாட்டு டால்பட்டின் முறையும் உலகிற்கு வெளிப்பட்டதும் அவ்வாண்டிலேயே. தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒளிப்படம் என்பது மூலப்பொருளுக்கு அணித்தாய் நிற்றலின் அதனையே ஈண்டு ஆள்கின்றோம்.

1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேலோங்கி நின்றது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரைப் பரப்பி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படமெடுத்து, அப்பொழுதே இருட்டிற் கழுவி முடித்தல் வேண்டும். வெளியூர் செல்வோர் கூடாரமும் மருந்துக் குப்பிகளும் கண்ணாடித் தகடுகளும் நீரும் சுமந்து செல்ல நேர்ந்தது. எனவே படமெடுப்போன் வேதியியல் அறிந்தவனாகவும் பொருள் உடையவனாகவும் பொறுமையுடையவனாகவும் இருத்தல் இன்றியமையாததாயிற்று.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு சான்று இந்நிலையைத் தெளிவாக்கும். 1856 முதல் 1860 வரை சென்னை அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவர் லின்னேயஸ் டிரைப். அவர் மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறையைக் கையாண்டவர். 1858-இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக அவர் அமைத்தார். அப்படத்தை எடுத்தவர் இன்னார், ஆண்டு இஃது, இடம் இஃது, முறை இஃது என இன்று நாம் ஐயமின்றிக் கூறுதல் இயலும். எடுத்தல் அரிதாயிருந்தமையால், எடுத்ததனைக் குறித்துவைத்தலும் அம்முயற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

3. நிறுவனத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

கோடாக்கை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1854 ஜூலை 12-இல் நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்தார். 14 வயதிற் பள்ளியை விட்டு அலுவலகப் பணியாளாய்ச் சேர்ந்தார். பின்னர் ராச்செஸ்டர் நகரின் சேமிப்பு வங்கியொன்றில் எழுத்தரானார். 1877-இல் வெளிநாட்டுப் பயணம் ஒன்றைக் கருதி ஈரத்தகட்டுக் கருவிகளை வாங்கினார். பயணம் நிகழ்ந்திலது, கருவிகளின் சுமை மட்டும் அவர் சிந்தையில் நின்றது. ரிச்சர்டு லீச் மாடக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1871-இல் வெளியிட்ட ஜெலட்டின் உலர்தகட்டு முறை அந்நாளில் இங்கிலாந்தில் வளர்ந்துவந்தது. அதனைப் பற்றிய செய்திகளை இதழ்களிற் படித்த ஈஸ்ட்மன், பகலில் வங்கியிற் பணியாற்றி, இரவில் தாயாரின் அடுக்களையிலே பசை காய்ச்சித் தகடுகளிற் பூசி ஆராய்ந்தார்.

தகட்டிற் பசை பூசும் பொறி ஒன்றை அமைத்து 1879-இல் இங்கிலாந்திலும் 1880-இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். 1881-இல், குதிரைச் சவுக்கு செய்யும் தொழிலதிபரான ஹென்றி ஸ்ட்ராங் என்பாரின் துணையோடு ஈஸ்ட்மன் உலர்தகட்டு நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டே விற்ற தகடுகள் கெட்டுப்போயின என்னும் முறையீடு எழுந்தது. ஈஸ்ட்மன் அவற்றைத் திரும்பப் பெற்று மாற்றுத் தகடுகள் வழங்கினார். பொருளிழப்பு மிகுதியாயினும், வணிகத்தில் நம்பிக்கையே முதல் என்னும் பாடத்தை அவர் அதனாற் கற்றார் எனலாம்.

கண்ணாடியின் சுமையை நீக்கும்பொருட்டுத் தாளில் பசை பூசிச் சுருளாக்கும் முறையை அவர் அடுத்து மேற்கொண்டார். 1888-இல் கோடாக் என்னும் பெயருடைய முதற் காமிரா விற்பனைக்கு வந்தது. விலை 25 டாலர். அதனுள் 100 படங்களுக்கு உரிய சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. படங்கள் வட்ட வடிவின. குறுக்களவு இரண்டரை அங்குலம். சுருள் தீர்ந்தபின் காமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்புதல் வேண்டும். 10 டாலர் பெற்றுக்கொண்டு படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருள் இட்டுக் காமிராவைத் திருப்பி அனுப்புவர். பொத்தானை அழுத்துவது உம் செயல், எஞ்சியன எம் செயல் என்னும் கருத்துடைய விளம்பரம் அக்காலத்தே உலகெங்கும் பரவியது. அறிவையும் செயலையும் இரு கூறாக்கி, செயலை வாங்குவோர்க்கும் அறிவை நிறுவனத்திற்கும் பங்கிட்ட உடன்படிக்கையாகவே அவ்விளம்பரத்தைக் கருதுதல் தகும்.

1889-இல் ஹென்றி ரைக்கன்பாக் என்னும் வேதியியலாரின் முயற்சியால் ஒளி ஊடுருவும் நைட்ரோசெல்லுலோஸ் படச்சுருள் வந்தது. எடிசனின் அசையும்படக் கருவி இச்சுருளைக் கொண்டே அமைந்தது. ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு வழக்கையும் குறிப்பிடுதல் கடமையாகும். ஹன்னிபால் குட்வின் என்னும் கிறித்தவச் சமயகுரு இத்தகைய சுருளுக்கு 1887-இலேயே காப்புரிமை வேண்டி விண்ணப்பித்திருந்தார். அவ்வுரிமை 1898-இற் கிடைத்தது; 1900-இல் அவர் மறைந்தார். அவர் உரிமையைப் பெற்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் கோடாக் தோற்று, 1914-இல் 50 இலட்சம் டாலர் கொடுத்தது. முன்னோடி என்னும் சிறப்பை ஒருவர்க்கே உரியதாக்குதல் அரிது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

4. பெயராராய்ச்சி

கோடாக் என்னும் பெயர் இலக்கண மாணவர்க்குச் சுவை பயப்பது. 1888 செப்டம்பர் 4-இல் இது வணிகக்குறியாகப் பதிவு பெற்றது. இது சுருக்கமாக இருத்தல் வேண்டும், பிழையாக ஒலித்தற்கு இடந்தரல் ஆகாது, வேறெப்பொருளையும் நினைவூட்டல் ஆகாது என்னும் நெறிகளைக் கொண்டு தாமே இப்பெயரை ஆக்கியதாக ஈஸ்ட்மன் விளக்கியுள்ளார். 'கே' என்னும் ஆங்கில எழுத்து வலிமையும் கூர்மையும் உடையது எனக் கருதிய அவர், அதனையே முதலிலும் ஈற்றிலும் நிறுத்தினார்.

நம் இலக்கணிகள் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தனர். மரம், மலை முதலியவற்றை இடுகுறி என்னும்போதும், அவற்றிற்கு ஆதியில் ஒரு காரணம் இருந்து பின்னர் மறைந்திருக்கலாம் என்று வேர்ச்சொல் ஆராய்வோர் கருதுவர். கோடாக் என்னும் பெயருக்கோ மறைந்த காரணமும் இல்லை. பிறந்த ஆண்டும் ஆக்கியோன் பெயரும் ஆக்கிய நெறியும் அறியப்பெற்ற, ஐயத்துக்கு இடமற்ற இடுகுறிப் பெயர் அது. இன்னும் ஒன்று நோக்குக. பொருளற்றதாகப் படைக்கப்பெற்ற அப்பெயர் சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் கைக்காமிராவுக்குப் பொதுப்பெயராகவும், படமெடுத்தலைக் குறிக்கும் வினையாகவும் வழங்கலாயிற்று. சொல்லுக்குப் பொருளை நல்குவது வழக்கே என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றுகள் சிலவே.

5. எளிமையின் விளைவுகள்

1900-இல் பிரௌனி என்னும் காமிரா ஒரு டாலர் விலைக்கு விற்கப்பட்டது. சுருளின் விலை 15 சென்ட். சிறுவரை நோக்கியே அது விளம்பரம் செய்யப்பெற்றது. முதலாண்டிலேயே ஓரிலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று. அதுகாறும் படத்திற்காக நிமிர்ந்து அமர்ந்த மாந்தர், இனி உண்ணும்போதும் விளையாடும்போதும் உறங்கும்போதும் படத்தில் இடம்பெற்றனர். அரசரும் செல்வரும் பெற்றிருந்த உருவப் பதிவு தொழிலாளர் குடும்பங்களுக்கும் கிட்டியது. இஃது அந்நிறுவனம் விட்டுவைத்த மரபின் முதற்கூறும் பெருங்கூறும் ஆகும்.

அதன் மறுபக்கமும் விரைவில் தெரியலாயிற்று. 1890-இல் ஹார்வர்டு சட்ட இதழில் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் தனிமையுரிமை பற்றி எழுதிய கட்டுரை, நொடியில் எடுக்கும் ஒளிப்படம் இல்வாழ்வின் எல்லைக்குள் புகுந்தமையை அவ்வுரிமை வேண்டப்படுதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. மற்றொரு நிலையில், அதே கருவி கொடுமைக்கு எதிரான சான்றாகவும் நின்றது. காங்கோ நாட்டில் பெல்சிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் நிகழ்ந்த கொடுஞ்செயல்களைக் கண்டித்து 1905-இல் மார்க் டுவெய்ன் எழுதிய அங்கத நூலில், தன்னால் விலைக்கு வாங்கவியலாத சாட்சி கோடாக் ஒன்றே என மன்னர் புலம்புவதாக அமைத்துள்ளார். பொத்தானை அழுத்தும் கை எவருடையதாகவும் இருக்கலாம் என்னும் நிலையே இவ்விரு விளைவுகளுக்கும் காரணம் என்க.

6. கையெழுத்துக் காமிராவும் சுவடிக் குறிப்பும்

இக்கட்டுரையின் நோக்கத்திற்குப் பெரிதும் இயைவதும், கோடாக் வரலாற்றில் சிறு செய்தியாகக் கருதப்படுவதும் ஆகிய ஒன்றை இனி விளக்குவோம்.

1914-இல் அந்நிறுவனம் 'ஆட்டோகிராபிக்' என்னும் காமிரா வகையை வெளியிட்டது. இதன் உரிமையை ஹென்றி கைஸ்மன் என்பாரிடமிருந்து மூன்று இலட்சம் டாலருக்கு வாங்கியது. காமிராவின் பின்புறத்தில் சிறியதொரு கதவு உண்டு. படமெடுத்தவுடன் அதனைத் திறந்து, உடன் கொடுத்த எழுத்தாணி போன்ற கோலால் நாள், இடம், ஆள் ஆகியவற்றைத் தாளின்மேல் அழுத்தி எழுதுதல் வேண்டும். பின் சிறிது நேரம் அக்கதவைத் திறந்துவைத்தால் ஒளி புகுந்து அவ்வெழுத்துகளை இரு படங்களுக்கு இடையேயுள்ள பகுதியிற் பதிக்கும். சுருளைக் கழுவும்போது படத்தோடு குறிப்பும் வெளிப்படும். படமும் குறிப்பும் ஒரே பொருளில் ஒட்டிப் பிறத்தலால் ஒன்றை விட்டு ஒன்று பிரிதற்கு இடமில்லை.

ஓலைச்சுவடிகளின் இறுதியில் எழுதினோன் தன் பெயரும், எழுதி முடித்த ஆண்டு திங்கள் நாளும், எழுதுவித்தோர் பெயரும் குறித்துவைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அக்குறிப்புள்ள ஏடு கிடைப்பின் பதிப்பாசிரியர் மகிழ்வர். ஏட்டின் காலமும் வழியும் அதனாலன்றோ துணியப்படுகின்றன! எழுத்தாணியால் ஏட்டிற் செய்ததனையே கோலால் சுருளிற் செய்யும் வசதியை ஒரு வணிக நிறுவனம் மேல்நாட்டில் ஆக்கிக் கொடுத்தது. ஆயின் 1932-இல் இவ்வமைப்பு கைவிடப்பெற்றது. பொத்தானை அழுத்துதலோடு தம் பணி முடிந்தது என்று கற்பிக்கப்பெற்ற மக்கள், அழுத்தியபின் நின்று எழுதும் பழக்கத்தை மேற்கொண்டிலர் எனக் கருதுதற்கு இடமுண்டு. இக்காலத்து எண்முறைக் காமிராக்கள் நாளையும் நேரத்தையும் தாமே பதிகின்றன. படத்தில் நிற்போர் யாவர் என்பதனையோ இன்றும் மனிதரே எழுதவேண்டியுள்ளது.

7. படச்சுருளின் வாழ்நாள்

ஓலைக்குச் செல்லும் ஈரமும் பகையாதல் போலச் சுருளுக்கும் பகைகள் உள. கோடாக் பெருக உற்பத்தி செய்த நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தானே சிதைந்து பிசுபிசுப்பாகிப் பின் பொடியாவது. 1950-களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தியை அந்நிறுவனம் நிறுத்தியது. அதற்கு ஈடாக வந்த அசிடேட் சுருள் தீப்பற்றும் அச்சத்தை நீக்கியது. ஆயின் வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் அது காடிநாற்றம் வீசிச் சுருங்கி வளையத் தொடங்குகிறது. தமிழக வீடுகளில் மரப்பெட்டிகளிலும் இரும்புப் பேழைகளிலும் கிடக்கும் எதிர்ப்படங்கள் பலவற்றை எதிர்நோக்கி நிற்கும் கேடு இதுவே.

வண்ணப்படத்தின் நிலை வேறு. 1935-இல் வெளிவந்த கோடாக்ரோம் என்னும் வண்ணச்சுருள் லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கொடௌஸ்கி என்னும் இசைவாணர் இருவரின் ஆக்கமாகும். இதில் வண்ணங்கள் சுருளில் இரா. கழுவும்போதே ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டப்பெறும். இருளில் வைத்துக் காத்தால் இதன் வண்ணம் நெடுநாள் மங்காது நிற்கும். ஆயின் கழுவும் முறை கடினமாதலின் அதனைச் செய்வோர் மிகச் சிலராயினர். 2009-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்கக் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் ஊரிலிருந்த இறுதிக் கழுவுநிலையமும் 2010 இறுதியோடு அச்சுருளை ஏற்பதை நிறுத்தியது. அந்நாளில் கழுவப்படாது எஞ்சிய சுருள்களைக் கருப்பு வெள்ளையாகக் கழுவலாமேயன்றி, அவற்றுக்கு உரிய வண்ணத்தைப் பெறும் வழி இல்லாதொழிந்தது. ஒரு மொழியைப் படிக்கவல்லோர் இறுதியாக மறையுங்கால் அம்மொழி ஏடுகள் அடையும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். 1950-இல் வந்த ஈஸ்ட்மன் வண்ணமுறையிலோ இதற்கு மாறான குறை நேர்ந்தது. கழுவுதல் எளிது, ஆயின் அம்முறையில் எடுத்த பழைய திரைப்படப் படிகள் பல, நீலமும் பச்சையும் மங்கிச் செந்நிறமே எஞ்சி நிற்கின்றன.

சுருளின் பொருள்வழியே படத்தின் காலத்தைத் துணிதலும் ஓரளவு இயலும். வட்டப்படமாயின் கோடாக்கின் முதற் காமிராக்களை நினைக்கலாம். எதிர்ப்படத்தின் இடையில் கையெழுத்து இருப்பின் 1914-க்கு முற்பட்டதன்று எனலாம். ஓரத்தில் 'சேப்டி' என்னும் சொல் இருப்பின் நைட்ரேட் அன்று எனத் தெளியலாம். எழுத்தின் வடிவும் புள்ளியின் வழக்கும் கொண்டு ஏட்டின் காலத்தை அளக்கும் நம் முறைக்கு இஃது இனமானதே.

8. நிறமும் நடுநிலையும்

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் நம்பிக்கையை மற்றொரு செய்தியும் அசைக்கின்றது. வண்ணப்படங்களை அச்சிடும்போது நிறச்சமன்பாட்டைச் சரிபார்த்தற்கென்று ஒரு பெண்ணின் உருவம் கொண்ட மாதிரி அட்டையைக் கோடாக் அச்சகங்களுக்கு வழங்கிவந்தது. 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட அதில் நெடுங்காலம் வெண்ணிறப் பெண்களே இடம்பெற்றனர். அத்தோலின் நிறம் சரியாக வருமாறு அச்சு அமைக்கப்பட்டமையால், கருநிறத்தார் முகங்கள் நுட்பம் தோன்றாமல் இருண்டுபோதல் நேர்ந்தது. கனடா நாட்டு அறிஞர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனை விரித்துரைத்துள்ளார். கருநிறப் பொருள்களின் நுட்பம் தோன்றவில்லை என்று மரச்சாமான் வணிகரும் சாக்லெட் உற்பத்தியாளரும் முறையிட்டமை சுருளைத் திருத்தத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்பதும் அவ்வாராய்ச்சியால் தெரிகின்றது. பல நிறத்தாரும் இடம்பெற்ற அட்டைகள் பின்னர் வந்தன. பழைய வண்ணப்படம் ஒன்றில் ஒருவர் முகம் இருண்டு தோன்றின், அவ்விருள் அவர் முகத்தினதா, அன்றி அச்சினதா என வினவுதல் ஆராய்ச்சியாளர் கடன்.

9. நுண்படமும் எண்முறைப் படமும்

தமிழ் ஆராய்ச்சிக்கு நேரே பயன்பட்ட கூறு நுண்படம் ஆகும். நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி, காசோலைகளைச் சிறு சுருளிற் பதிவு செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். அதன் உரிமையை வாங்கிய கோடாக், 1928-இல் 'ரெக்கார்டாக்' என்னும் பெயரால் அத்தொழிலை நடத்தத் தொடங்கியது. 1935 முதல் நாளிதழ்களைப் பதிவு செய்யும் பணியிலும் இறங்கியது. வங்கிக் கணக்கிற்கென எழுந்த கருவி இங்ஙனம் நூலகங்களின் காவற்கருவியாயிற்று. தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா தொகுத்த நூற்செல்வம், அவர் 1992-இல் மறைந்தபின் சிதறாது காக்கப்பெற்று, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. அங்கு மேற்கொண்ட முதன்மையான பணிகளுள் ஒன்று அந்நூல்களை நுண்படமாக்கியது. பாலியெஸ்டர் அடித்தளமுடைய வெள்ளிச் சுருளை உரிய குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள அறையில் வைப்பின் 500 ஆண்டுகள் நிற்கும் என்று மதிப்பிடுவர்.

சுருள் செய்தல் எளிய தொழிலன்று. மாட்டெலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து காய்ச்சும் ஜெலட்டினில், மாடுகள் தின்ற கடுகினச் செடிகளின் கந்தகச் சேர்மங்கள் நுண்ணளவில் கலந்திருத்தலே அதன் ஒளியுணர்ச்சியை மிகுவிக்கின்றது என்பதனைக் கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஷெப்பர்டு 1920-களில் கண்டறிந்தார். இத்தகு நுட்பம் மிக்க தொழிலை இந்தியா தன் மண்ணிலேயே நிறுவ முயன்றது. 1960-இல் உதகமண்டலத்தில் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்னும் பெயரிற் சுருள்களை வெளியிட்டது. எண்முறைப் படம் பரவியபின் அந்நிறுவனமும் தாழ்வுற்று உற்பத்தியை இழந்தது.

அவ்வெண்முறைப் படத்தின் முதற் காமிராவும் கோடாக்கிலேயே பிறந்தது. 1975-இல் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர், ஒலிநாடாவில் படத்தைப் பதியும் கருவி ஒன்றை அமைத்தார். ஒரு படத்திற்கு 10,000 புள்ளிகள். பதிதற்கு 23 வினாடிகள். அதே காலத்தில் பிரைஸ் பேயர் என்னும் கோடாக் அறிஞர் அமைத்த நிறவடிகட்டி முறையே இன்று கைப்பேசிக் காமிராக்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. 1991-இல் செய்தித்துறையினர்க்கான எண்முறைக் காமிராவையும் அந்நிறுவனம் விற்றது. ஆயினும் அதன் வருவாய் சுருளையும் தாளையும் மருந்தையும் பற்றி நின்றமையால், தன் ஆக்கமே தனக்குப் போட்டியாதலைக் கண்டும் முழுமனத்தோடு வழி மாறவில்லை. 1988-இல் 145,300 பணியாளரைக் கொண்டிருந்த அந்நிறுவனம் 2012 ஜனவரி 19-இல் கடன்தீர்க்கும் ஆற்றலின்றி நீதிமன்றக் காப்பை நாடியது; 2013-இல் சிறியதொரு நிறுவனமாக மீண்டது. அதனை நிறுவிய ஈஸ்ட்மன் கல்விக்கும் இசைக்கும் மருத்துவத்திற்கும் பெருநிதி வழங்கி, நோயுற்ற நிலையில் 1932 மார்ச் 14-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். கையெழுத்துக் காமிரா கைவிடப்பெற்றதும் அவ்வாண்டிலேயே.

10. முடிவுரை

ஈஸ்ட்மனும் உ. வே. சாமிநாதையரும் ஒரே தலைமுறையினர்; முன்னவர் 1854-இலும் பின்னவர் 1855-இலும் பிறந்தனர். சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல்; முதற் கோடாக் வெளிவந்தது 1888-இல். ஒருவர் பழம்பொருளின் அழிவைத் தடுக்க ஏடுகளைத் தேடி அலைந்தார். மற்றவர் அன்றாட வாழ்வின் தோற்றத்தை அழியாமற் பதிக்கும் வழியை எளிதாக்கினார். ஏடுகள் பல தலைமுறைகள் வாழ்ந்தமைக்கு ஓலையின் உறுதி மட்டும் காரணமன்று. காலந்தோறும் பெயர்த்தெழுதியோர் இருந்தமையே காரணம். பெயர்த்தெழுதாது விடப்பட்ட நூல்கள் பெயரளவில் நின்றன. கோடாக் நமக்குத் தந்த செல்வமும் அந்நியதிக்கு உட்பட்டதே.

ஆகவே ஒளிப்படத்தை ஆராய்ச்சிக்குக் கொள்வோர் நான்கு நெறிகளை மேற்கொள்ளுதல் நலம். அச்சுப்படத்தோடு எதிர்ப்படமும் கிடைக்குமாயின் அதனை மூல ஏடாகப் போற்றுதல் வேண்டும். படத்தின் பின்புறமும் ஓரமும் கூறுவனவற்றைப் பெயர்த்தெழுதிக் கொள்ளுதல் வேண்டும். காடிநாற்றம் எழுந்த சுருளை ஏனையவற்றினின்று பிரித்து விரைவிற் படியெடுத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, படத்தில் உள்ளோர் யாவர் என அறிந்த முதியோர் வாழுங்காலத்திலேயே அவர்களிடம் கேட்டு, பெயரும் முறையும் ஊரும் எழுதிவைத்தல் வேண்டும். சுருளின் சிதைவைக் குளிரூட்டிய அறையால் தாழ்த்தலாம். மங்கிய வண்ணத்தையும் கணிப்பொறியால் ஓரளவு மீட்கலாம். பெயர் அறிந்த இறுதி மனிதர் மறைந்தபின் அம்முகத்திற்குப் பெயரிடும் கருவி எத்தொழிற்சாலையிலும் இல்லை. நம் துறை மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் தத்தம் இல்லத்துப் படங்களிலிருந்தே இப்பணியைத் தொடங்குவாராயின், வருங்கால வரலாற்றாசிரியர்க்கு அவையே நாளும் பெயரும் குறித்த நல்லேடுகளாகும்.